அண்ணி பொறுக்கிய பாட்டில்கள்

அன்று வீட்டை எழுப்பியது டிரையர்தான்.

வீடு என்றால் பட்டறைக்கு மேலே இரண்டு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். அது பழகிய நடுக்கம். யாரும் அதற்காகக் கண் திறப்பதில்லை. அன்று காலை ஆறரைக்குக் கேட்டது வேறு. தகரத் தொட்டிக்குள் செங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

சின்னவள் பாயைச் சுருட்டாமல் எழுந்து படியிறங்கினாள்.

அவளை முதல் முறையாகப் பார்ப்பவர்களுக்கு நாலு வரி. காற்றாலை இறக்கை தூரத்திலிருந்து பார்க்க இரும்பு மாதிரி இருக்கும். உண்மையில் உள்ளே பாதி நுரைதான். இரண்டு கண்ணாடியிழைத் தோல், நடுவே லேசான நுரைப்பலகை. அந்தப் பலகையை ஒட்டும் வேலையில் நான்கு வருடம் இருந்தவள் சின்னவள். அவளுடைய அண்ணன் பழைய பாட்டில்களை உருக்கிப் பெட்டி கட்டும் பட்டை செய்துகொண்டிருந்தார். அதே பாட்டிலில் இந்தப் பலகையையும் செய்யலாம் என்று சொல்லி, வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் முன்பு வந்து நின்றாள். அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், "எத்தனை டிகிரி?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

தெருவில் அவருக்கு மீட்டர் என்று பெயர். பேசும்போதுகூட எதிராளி முகத்தைப் பார்க்காமல் சூடு காட்டும் மீட்டரைப் பார்ப்பார்.

முதல் மாதிரிப் பலகை விரல் பட்டதும் அமுங்கியது. இரண்டாவது அமுங்கவில்லை, நொறுங்கியது. மூன்றாவதை இன்று தன் கண் எதிரே செய்து காட்ட வேண்டும் என்று இறக்கைத் தொழிற்சாலையின் தரம் பார்க்கும் அதிகாரி சொல்லியிருந்தார். நான்கு மணிக்கு வருகிறார். "இதுவும் சரியில்லன்னா திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. உன் இடத்தை வச்சிருக்கேன்" என்று ஒரு மாதம் முன்பு சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணனும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார்: இதுவும் போனால் மெஷினில் மறுபடி பட்டைதான்.

ஆக, நான்கு மணிக்கு ஒரு பலகை. அல்லது திங்கட்கிழமை ஏழு மணிப் பேருந்து.

கீழே மீட்டர், பாட்டில் சில்லைக் காயவைக்கும் டிரையரை நிறுத்திவிட்டு அதன் வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு சூட்டை ஏத்துனது?"

"நான் தொடல."

"பின்ன அதுவா ஏறிக்கிச்சா?"

"நூத்தி அறுபதுலதான் நிக்குது, நீங்களே பாருங்க. அந்தத் திருகை நீங்க யாரையாவது தொட விட்டிருந்தா என்மேல சந்தேகப்படலாம். விட்டதே இல்லையே அண்ணா."

அவர் டிரையரின் அடிக்கதவைத் திறந்தார். பாட்டிலை நொறுக்கிக் கழுவிய சில்லு, இராத்திரி முழுக்கக் காய்ந்து, அரிசி மாதிரி சலசலவென்று கொட்ட வேண்டும். ஒன்றும் கொட்டவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கம்பி இடித்துக்கொண்டு நின்றது.

போல்ட்டு கழற்றி, தொட்டியைச் சாய்த்து, இருவரும் சேர்ந்து உள்ளிருந்ததை வெளியே இழுத்தார்கள். தலையணை அளவுக்கு ஒரே கட்டி. இன்னும் கொதித்தது. தரையில் போட்டதும் சிமெண்டில் ஒட்டிக்கொண்டது.

மீட்டர் அதைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்தார். அவர் திட்டினால் பயமில்லை, திட்டாவிட்டால்தான் பயம்.

சின்னவள் சுத்தியலால் கட்டியின் ஓரத்தை உடைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் பாட்டில் சில்லுக்கு ஒரு குணம் உண்டு. சூடு பட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். வெளுத்த சில்லு ஒன்றோடொன்று ஒட்டாது. இந்தத் துண்டிலும் வெளுத்த சில்லு இருந்தது. ஆனால் அவற்றுக்கு நடுவே கண்ணாடி மாதிரி, வெளுக்காமல், பசை மாதிரி இளகி இறுகிய வேறொன்றும் இருந்தது.

"இது நம்ம பாட்டில் இல்ல."

"நம்ம பட்டறைக்குள்ள ஊரான் பாட்டில் எப்படி வரும்?"

"பாக்க அதே மாதிரி இருக்கும் அண்ணா. கழுவுற தொட்டியிலயும் அதே மாதிரி முழுகும். ஆனா ரகம் வேற. பாதிச் சூட்டுலயே இளகிடும். தடியா, பளபளன்னு இருக்குமே, ஷாம்பு, முகத்துக்குப் பூசுற கிரீம் எல்லாம் வருமே, அந்த பாட்டில்."

"அதையெல்லாம் தனியாப் போடணும்னு மொத நாளே சொன்னதுதானே."

வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். மீட்டரின் மனைவி. பாட்டில் பிரிப்பதும் கழுவுவதும் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். நால்வருக்கும் அவளைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம். கையில் ஈரத்துண்டு. அதை இரண்டு முறை பிழிந்தாள். மூன்றாவது முறை பிழியத் தண்ணீரில்லை.

"இந்தத் தடவை யாரையும் விடல. நான்தான் பொறுக்கினேன்" என்றாள்.

அண்ணனும் தங்கையும் திரும்பினார்கள்.

"மூணு நாளா தனியா உக்காந்து பொறுக்கினேன். கீறல் விழுந்தது, மஞ்சளானது, நசுங்கினது எல்லாத்தையும் தள்ளிட்டேன். நல்ல கனமா, கண்ணாடியாட்டம் இருந்ததாப் பாத்து எடுத்தேன். வர்றவர் சில்லைக் கையில அள்ளிப் பாப்பாரு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு."

"லேபிள் பாக்கலையா?"

"லேபிளைக் கிழிச்சுட்டுத்தானேங்க கொடுக்குறாங்க. அடியில பிளாஸ்டிக் ரகத்தோட நம்பர் பாத்தேன். நம்ம நம்பர்தான் போட்டிருந்துச்சு."

"போடுவான். அந்த ரகத்துக்கும் அதே நம்பரைத்தான் நிறைய பேர் போடறாங்க" என்றாள் சின்னவள்.

மீட்டர் எழுந்தார். இப்போது வெடிப்பார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் கட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்கிற அன்னிக்குப் பிள்ளைக்குப் பவுடர் அப்பி விடற மாதிரி அப்பி விட்டிருக்கே."

"ஆமா. அப்பினேன்." அண்ணியின் குரல் ஏறவில்லை. "ஆறு வருசமா பாட்டில் பிரிக்கிறேன். இதுவரைக்கும் என் பாட்டிலைப் பாக்கன்னு ஒரு ஆள் வந்ததில்ல. இன்னிக்குத்தான் வர்றாங்க. அதான்."

மீட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் தலையை விட்டார்.

கணக்கு எளிது. தொட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒன்பது மணி ஆகும். புதிய சில்லு காய ஐந்து மணி நேரம். ஈரம் இருந்தால் உருகும்போது நுரை நிற்காது, விழுந்துவிடும். முதல் பலகை அப்படித்தான் போனது. ஒன்பதும் ஐந்தும் இரண்டு. உருக்கி, நுரைக்க வைத்து, பலகை வெளியே வர முக்கால் மணி. ஆற ஒரு மணி. நாலுக்குக் கால் மணி நேரம் மிச்சம். நடுவில் யாருக்கும் தும்மல்கூட வரக்கூடாது.

"போன செவ்வாய்க்கிழமை போட்ட பலகை ஒண்ணு பீரோவுக்குப் பின்னால நிக்குது" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்கு."

சின்னவளுக்கும் அந்தப் பலகை ஞாபகம் வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"கண்ணு முன்னால செய்யணும்னு சொல்லியிருக்காரு அண்ணா."

"இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லுவோம்."

"தொட்டுப் பாப்பாரு. சூடா இருக்காது."

"வெயில்ல வைப்போம்."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். "வெயில்ல வச்ச பலகைக்கும் மெஷின்ல வந்த பலகைக்கும் வித்தியாசம் தெரியாதவரா இருந்தா, அவர் எதுக்குங்க அவ்வளவு தூரம் வரணும்? தபால்லயே பாஸ் போட்டிருப்பாரு."

தொட்டிக்குள் சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பின்கட்டில் ஒன்பது மூட்டைச் சில்லு கிடந்தது. பட்டைக்கென்று ஒதுக்கியது. குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில், சோடா பாட்டில். பச்சை கொஞ்சம், நீலம் கொஞ்சம், பழுப்பு கொஞ்சம். அண்ணி அவற்றை ஒதுக்கியதே வெட்கப்பட்டுத்தான். இப்போது ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி அள்ளி மேலே கொண்டுபோனாள். ஒருமுறை ஏமாந்தவள் இரண்டாம் முறை கண்ணை நம்பவில்லை. அடுப்பைச் சிறிதாக வைத்து, பழைய வாணலியில் ஒவ்வொரு பிடியாகப் போட்டு, கரண்டியால் புரட்டினாள். அன்று காலை அந்த அடுப்பில் வேறெதுவும் வேகவில்லை.

"வெளுக்குது" என்று படிக்கட்டில் நின்று கத்துவாள். கீழே சின்னவள் அந்த மூட்டையின் மேல் சாக்பீஸால் கோடு போடுவாள்.

ஏழாவது மூட்டையில் மட்டும் இரண்டு சில்லு கரண்டியில் ஒட்டியது. அந்த மூட்டை வாசலுக்குப் போனது. மற்ற எட்டும் தேறின. ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு டிரையர் மறுபடி ஓடியது. மேலே தண்ணீர் நடுங்கியது. வழக்கமான நடுக்கம்.

அதற்குப் பிறகு மூவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமான பகுதி. சின்னவள் தரையைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள்.

"தரை தேயப்போகுது. உக்காருடி" என்றாள் அண்ணி.

"அண்ணி, திங்கக்கிழமை நான் போயிட்டேன்னா..."

"போனா சாயந்திரம் வரப்போறே. என்னமோ கப்பல் ஏறுற மாதிரி."

"அதுக்கில்ல. இவ்வளவு பேசிட்டு அங்க திரும்பிப் போய் நிக்கணுமே. எல்லாரும் பாப்பாங்க."

"ஒரு வாரம் பாப்பாங்க. அப்புறம் வேற யாராவது எதையாவது கெடுப்பாங்க, அவங்களைப் பாப்பாங்க." அண்ணி வாணலியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குக் காலையில நான் நின்னேனே, அதைவிடவா?"

நான்கு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றே காலுக்கு வந்தார்.

தொழிற்சாலையில் அவருக்கு டொக்கு சார் என்று பெயர். இறக்கையின் மேல் ஒரு சின்ன மரச்சுத்தியால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போவார். உள்ளே பலகை ஒட்டாமல் வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். வட்டத்தைப் பார்த்த தொழிலாளிகள் அன்று சாப்பிடமாட்டார்கள். அந்தச் சுத்தி சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"சீக்கிரம் வந்துட்டேன். பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார்" என்று சின்னவள் சொன்னாள். பரவாயிருந்தது.

மீட்டர் அவசரமாக ஒரு சாக்கை எடுத்துக் கட்டியின் மேல் போட்டார். சாக்கு சின்னது. கட்டியின் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மறைப்பதற்கு இதைவிட மோசமான வழி இருக்க முடியாது.

"அது என்ன?" என்றார் டொக்கு சார்.

மீட்டர் மீட்டரைப் பார்த்தார். சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"காலையில கெட்டது" என்றாள் அண்ணி. சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டாள். "நீங்க வர்றீங்கன்னு அழகான பாட்டிலாப் பாத்துப் பொறுக்கினேன். அழகா இருந்ததெல்லாம் வேற ரகம். உள்ள போய் ஒட்டிக்கிச்சு. இவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. இப்ப உள்ள இருக்கிறது சாதாரணச் சில்லு. வாணலியில போட்டுப் பாத்துட்டுத்தான் போட்டிருக்கு."

"வாணலியிலயா?"

"வேணும்னா காட்டறேன்."

அவர் நிஜமாகவே மேலே போய்ப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தபோது கைக்குட்டையில் ஒரு பிடி வெளுத்த சில்லு இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

"எங்க ஆளுங்க இப்படி ரகம் பாக்க ஒரு மெஷின் கேட்டு எழுதிக்கிட்டே இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

இரண்டே காலுக்குச் சில்லு உருக்கும் மெஷினுக்குள் போனது. கூடவே, உருகும்போது பிளாஸ்டிக் வலுவிழக்காமலிருக்க, அளந்து வைத்த வெள்ளைப் பொடி. மீட்டர் திருகின் மேல் கையை வைத்தார். அதன்பிறகு அவருக்கு யாரும் கண்ணில் படவில்லை. இரண்டு டிகிரி குறைத்தார். காதைச் சாய்த்தார். ஒரு டிகிரி ஏற்றினார். நுரைக்க வைக்கும் வாயுவைத் திறந்தார். மெஷினின் வாய் முதலில் துப்பியது குமிழியும் கூழுமாக ஒரு முழம். அதை வெட்டித் தள்ளினார். அடுத்த முழமும் கோணல்.

சின்னவள் அந்த இரண்டு முழத்தையும் காலால் ஓரம் தள்ளினாள்.

மூன்றாவது முழம் நேராக வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. அகலமாக, சத்தமில்லாமல், உருளைகளுக்கு நடுவே நகர்ந்து வந்த அந்தப் பலகை, பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கிய பச்சை.

"கலர்தான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

"இறக்கைக்குள்ள போனதுக்கப்புறம் யாரும்மா கலர் பாக்கப் போறாங்க" என்றார் டொக்கு சார்.

ஆறியதும் அவரே அறுத்தார். கையளவு கட்டை. தராசில் வைத்தார், குறித்துக்கொண்டார். வெட்டு முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சின்னச் சின்னக் குழிகள், எல்லாம் ஒரே அளவு. கையோடு கொண்டுவந்திருந்த சிறிய அழுத்தும் கருவியில் வைத்து முறுக்கினார். இரண்டாவது மாதிரி நொறுங்கிய இடம் வந்தது. தாண்டியது. இன்னும் முறுக்கினார். கருவியின் முள்ளை நான்கு பேரும் பார்த்தார்கள். அங்கே மட்டும் எல்லாருமே மீட்டர்.

முள் நின்றது. நிற்க வேண்டிய இடத்துக்கு மேலேயே நின்றது.

இன்னும் நான்கு கட்டை அறுத்தார். நான்கும் அப்படியே. கடைசியாகப் பையிலிருந்த சுத்தியை எடுத்துப் பலகையின் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். பென்சிலை எடுக்கவில்லை.

"எடுத்துக்கறோம்" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. மீட்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலையிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தாள்.

சின்னவள் டொக்கு சார் பக்கம் வந்தாள். "சார், அப்ப திங்கக்கிழமை... என் இடத்தை இனி வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"கொடுத்து ரெண்டு வாரம் ஆச்சேம்மா."

"என்னது?"

"மேல ஆள் கேட்டாங்க, போட்டாச்சு. உனக்குச் சொல்லணும்னுதான் நாலு தடவை போன் பண்ணினேன். எடுத்ததும் நீ பொடி, சூடு, குழின்னு ஆரம்பிச்சுடறே. நடுவுல வாயைத் திறக்க முடியல. அப்புறம் சரி, நேர்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இரண்டு வாரமாக அவள் மனதுக்குள் அந்த ஏழு மணிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எந்த வாசல் வழியாக நுழைவது, யார் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராக வைத்திருந்தாள். பேருந்து இறங்கும் இடத்தில் வேலையே இருந்திருக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சத்தம் வராமல், தோள் குலுங்க. அந்தச் சிரிப்பு சின்னவளையும் பிடித்துக்கொண்டது.

டொக்கு சார் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"முதல்ல இருபது பலகை வேணும். ஒரு இறக்கை செஞ்சு பாப்போம். இன்னொரு விஷயம்." அவர் மீட்டர் பக்கம் திரும்பினார். "இறக்கை தட்டையா இருக்காது, தெரியும்ல. அச்சுல வைக்கறதுக்கு முன்னால பலகையைச் சூடு காட்டி வளைக்கணும். எங்களுக்கு வழக்கமா வர்ற பலகையோட கணக்கு எங்ககிட்ட இருக்கு. உங்களோடது இல்ல. நீங்க பத்து நாள் அங்க வந்து இருக்கணும்."

"நானா?"

"நீங்கதான்."

"இவ வரட்டும். இவளுக்கு அந்த இடம் அத்துப்படி."

"இடம் அவளுக்குத் தெரியும். சூடு உங்களுக்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு மணி நேரமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." அவர் அறுத்த கட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். "புதன்கிழமை வண்டி அனுப்பறேன். இருபது பலகையும் அடுத்த வாரக் கடைசிக்குள்ள வரணும்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை மூவரும் வாசலில் நின்றார்கள்.

"நான் அங்க போயிட்டா இங்க இருபது பலகையை யாரு போடறது?" என்று மீட்டர் தெருவைப் பார்த்துக் கேட்டார். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தத் திருகை இன்னொரு கை தொட்டதில்லை. அண்ணிக்கு அது தெரியும். சின்னவளுக்கும் தெரியும்.

"எத்தனை சட்டை எடுத்து வைக்கட்டும்?" என்றாள் அண்ணி.

"நான் போறேன்னு சொல்லலையே."

"போகலைன்னும் அவர்கிட்ட சொல்லலையே."

அவர் உள்ளே போனார். இரண்டு நிமிடம் எதையோ உருட்டினார். திரும்பி வாசலுக்கு வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார், நேராக.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கீழ வந்துடு. நான் செய்யறதைப் பக்கத்துல நின்னு பாரு. கேள்வி கேக்காதே."

"கேப்பேன்."

அவர் திருகு இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கேளு."